பேஸ் வாசித்தால் கை வலிக்கத்தான் வேண்டுமா?

பேஸ் கிட்டார் வாங்கி ஒரு மாதம் ஆனவரிடம் கை வலிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஆமாம் என்பார். என்ன செய்தீர்கள் என்று அடுத்துக் கேட்டால், யாரோ சொன்ன மூன்று பதில்களில் ஒன்று வரும். ‘போகப் போகப் பழகிவிடும், பொறுத்துக்கொள்.’ ‘உனக்குக் கை சின்னது, பேஸ் சரிப்படாது.’ ‘ஒரு ஹேண்ட் கிரிப்பர் வாங்கி தினமும் அமுக்கு, கைக்குப் பலம் வரும்.’ சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மூன்றும் பழியைத் தூக்கி வாசிப்பவரின் கைமேல்தான் போடுகின்றன: கை பழகவில்லை, போதவில்லை, பலமில்லை. என் கட்சி வேறு. பேஸ் வாசிப்பவர்களின் கைவலியில் பெரும்பங்கு, கருவி கேட்காத விசையைக் கை கொடுத்துக்கொண்டிருப்பதால் வருவது. அந்த உபரி விசை எங்கே செலவாகிறது என்று கண்டுபிடித்துக் குறைப்பதுதான் வைத்தியம். கையைப் பலப்படுத்துவதும் பொறுத்துக்கொள்வதும் அந்த உபரியை இன்னும் கொஞ்ச காலம் தாங்க வைக்கும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு வலியைத் தனியாக எடுத்து வைத்துவிடலாம். விரல்நுனித் தோல் எரிவது, சிவப்பது, சில சமயம் கொப்புளம் கட்டுவது எல்லாம் தோலின் விவகாரம். ரவுண்ட்வவுண்ட் ஸ்ட்ரிங் சொரசொரப்பானது. தோல் அதற்குப் பழகிக் காய்ப்புக் காய்க்கச் சில வாரங்கள் ஆகும். இந்த ஒன்றுக்கு மட்டும் ‘பொறுத்துக்கொள்’ என்பது சரியான அறிவுரை. கொப்புளம் வந்தால் ஆறவிட்டு வாசித்தால் போதும். நான் பேசப்போவது தோலுக்குக் கீழே இருப்பதைப் பற்றி: மணிக்கட்டில் சுருக்கென்று குத்துவது, முன்கை பாறையாய் இறுகுவது, கட்டைவிரலின் அடியில் கடுப்பது, விரல்கள் மரத்துப்போவது, முழங்கைக்குள்ளிருந்து சுண்டுவிரல் வரை மின்சாரம் போல் ஓடுவது. இவை எதுவும் காய்த்துப் பழகுகிற சமாச்சாரம் இல்லை. தோல் தேயத் தேயத் தடிக்கும். தசைநாண் அப்படித் தடித்து நமக்கு உதவாது. தடித்தால் அதுவே புதிய தொல்லை. இந்த இரண்டு வலிகளையும் ஒரே சொல்லில் சொல்வதால்தான் முதலாவதற்கான அறிவுரை இரண்டாவதற்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இப்போது விசைக்கு வருவோம். சாதாரண 34 அங்குல பேஸில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் ஏறத்தாழ 16 முதல் 23 கிலோ இழுவிசையில் நிற்கிறது. மின் கிட்டாரின் மெல்லிய ஸ்ட்ரிங்கில் இது 7 முதல் 9 கிலோதான். இந்த எண்ணைப் பார்த்தவுடன் ‘அடேயப்பா, அதனால்தான் வலிக்கிறது’ என்று தோன்றும். ஆனால், 18 கிலோ என்று வைத்துக்கொண்டாலும், அதை நாம் தூக்கிப் பிடிப்பதில்லை. அது ஸ்ட்ரிங்கின் நீளவாக்கில் இருக்கும் இழுவை. நாம் செய்வது குறுக்காக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அமுக்குவது மட்டும். பள்ளிக்கூட இயற்பியல் கணக்கே போதும். 12ஆம் ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங் 2.5 மி.மீ. உயரத்தில் இருந்தால், அதை ஃப்ரெட்டைத் தொடவைக்கத் தேவையான விசை சுமார் 200 கிராம் எடைக்குச் சமம். ஃப்ரெட்டின்மேல் அதிராமல் உட்கார்ந்திருக்க இன்னும் கொஞ்சம் வேண்டும். விரல் சற்றுப் பின்னால் அமுக்குவதால் அதற்கும் கொஞ்சம். எப்படிக் கூட்டினாலும் சில நூறு கிராம்கள்தான். ஆரோக்கியமான ஒருவரின் கைப்பிடி பலம் 20 கிலோவுக்கு மேல் இருப்பது சாதாரணம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ‘கைக்குப் பலம் போதவில்லை’ என்கிற வாதம் நிற்காது. பலம் தேவைக்குப் பல மடங்கு இருக்கிறது. சிக்கலே அதில்தான்: இருக்கிறது என்பதற்காக எடுத்துச் செலவழிக்கிறோம்.

இதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். 5ஆம் ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்மேல் விரலை வெறுமனே வைத்து, அமுக்காமல், வலது கையால் மீட்டிக்கொண்டே இருங்கள். மழுங்கிய ‘டொக்’ சத்தம் வரும். இப்போது விரலின் அழுத்தத்தை மிக மெதுவாகக் கூட்டுங்கள். டொக் கரகரப்பாகும், இன்னும் துளி கூட்டினால் சட்டென்று சுத்தமான ஒலி. அந்த இடத்தில் நின்றுவிடுங்கள். அதற்குமேல் எவ்வளவு அமுக்கினாலும் ஒலி கூடுவதில்லை. சுருதிதான் கொஞ்சம் ஏறும். பிறகு அதையே ஃப்ரெட்டுக்கு மிக அருகில் ஒரு முறை, இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவே ஒரு முறை செய்யுங்கள். நடுவில் அமுக்கும்போது அதே சுத்தமான ஒலிக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுவதை விரலே சொல்லிவிடும். கடைசியாக, நீங்கள் வழக்கமாகப் பாட்டு வாசிக்கும்போது எவ்வளவு அமுக்குகிறீர்கள் என்று கவனியுங்கள். பலருக்கு அது இந்தக் குறைந்தபட்சத்தைப் போல் மூன்று நான்கு மடங்காகவாவது இருக்கும் என்பது என் கணிப்பு.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை எழும். ‘எல்லாம் சரி, ஆனால் பேஸ் பெரிய கருவி. சின்னக் கைக்காரர் விரலை விரிக்காமல் எப்படி வாசிப்பார்?’ உண்மை, பெரிய கருவிதான். 34 அங்குல பேஸில் 1ஆம் ஃப்ரெட்டுக்கும் 4ஆம் ஃப்ரெட்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 130 மி.மீ. அதே தூரம் 25.5 அங்குல மின் கிட்டாரில் 97 மி.மீ. ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் 130 மி.மீ. விரித்துப் பிடித்தபடி பாட்டு முழுக்க வாசிப்பது பெரும்பாலோர்க்குக் கடினம். ஆனால் ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்பது யார் போட்ட சட்டம்? பேஸ் கிட்டாருக்கு முன்னாலேயே டபுள் பேஸ் இருந்தது. அதன் ஸ்ட்ரிங் நீளம் 41, 42 அங்குலம். அதை வாசித்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை நம்மைவிடக் கடுமையாக இருந்தது. அவர்கள் கண்ட வழி, விரிப்பதைக் கைவிடுவது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வியன்னாவில் வாசித்துக் கற்பித்த ஃப்ரான்ஸ் சிமாண்டில் பெயரால் இன்றும் வழங்கும் முறையில், கீழ் நிலைகளில் ஆள்காட்டி, நடு, சுண்டு ஆகிய மூன்று விரல்களே ஸ்வரம் பிடிக்கின்றன. மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணையாகக் கூடவே இறங்கும். ஒரு நிலையில் மூன்று அரைச் சுரங்கள். அதற்குமேல் வேண்டுமென்றால் விரலை நீட்டாமல் கையையே நகர்த்துவது. இதைப் பேஸ் கிட்டாரில் வைத்துப் பார்த்தால், 1ஆம் ஃப்ரெட்டிலிருந்து 3ஆம் ஃப்ரெட் வரை 89 மி.மீ. கிட்டாரின் முதல் நிலையைவிடக் குறைவு!

சிமாண்டில் முறைக்கு உடற்கூற்றிலும் ஆதாரம் உண்டு. விரலுக்குள் விரலை மடக்கும் தசை கிடையாது. மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக விரல்களுக்குப் போகின்றன. நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றுக்கும் போகிற ஆழ்ந்த மடக்குத்தசை பெருமளவு ஒன்றாகவே இயங்குகிறது. புறங்கையிலும் மோதிரவிரலின் நாண் அக்கம்பக்கத்து நாண்களோடு பிணைந்திருக்கிறது. மோதிரவிரலையும் சுண்டுவிரலையும் தனித்தனியே, அதுவும் அகல விரித்து, பலமாக அமுக்கச் சொல்வது உடம்பின் அமைப்போடு மல்லுக்கு நிற்பது. ‘ஃப்ரெட்டுக்கு ஒரு விரல்’ தவறில்லை. 5ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே அது அருமையான முறை. அங்கே நான்கு விரல் அகலம் 103 மி.மீ.தான். தலைப்பகுதியிலும் அதையே பிடிவாதமாகக் கடைப்பிடிக்கச் சொல்கிற ஆசிரியர்தான் மாற வேண்டும்.

விரிப்பு இன்னும் சிரமமாக இருந்தால் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸ் இருக்கிறது. முதல் நான்கு ஃப்ரெட் அகலம் 114 மி.மீ. ஆகிவிடும், அதே ஸ்ட்ரிங்கை அதே சுருதியில் கட்டினால் இழுவிசையும் 22 சதவீதம் குறையும். ‘அது சின்னப் பிள்ளைகள் கருவி’ என்று முகம் சுளிப்பவர்கள், பால் மெக்கார்ட்னி பீட்டில்ஸ் காலத்தில் தோளில் மாட்டியிருந்த ஹோஃப்னர் 30 அங்குலக் கருவி என்பதை நினைத்துப் பார்க்கலாம். நீளமான கைகளுக்குப் பேர்போன பேஸ் கலைஞர் ஸ்டான்லி கிளார்க்கின் அலெம்பிக் பேஸும் ஷார்ட் ஸ்கேல்தான். புதுக் கருவி வாங்கக் காசில்லையா, எல்லா ஸ்ட்ரிங்கையும் அரைச் சுரம் இறக்கிக் கட்டிப் பாருங்கள். இழுவிசை 11 சதவீதம் குறையும். செலவு பூஜ்யம்.

அடுத்தது செட்டப். கைவலிக்குப் பயிற்சியும் யோகாவும் தேடி அலைபவர்கள் பேஸின் முதல் ஃப்ரெட்டை ஒரு முறை உற்றுப் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தீராத ஆச்சரியம். கடையிலிருந்து வரும் மலிவு விலை பேஸ்களில் பலவற்றில் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் நட்டின் பள்ளங்கள் போதிய ஆழம் வெட்டப்படாமலே வருகின்றன. பார்க்கும் விதம் எளிது. 2ஆம் ஃப்ரெட்டுக்கும் 3ஆம் ஃப்ரெட்டுக்கும் இடையில் ஸ்ட்ரிங்கை அமுக்கிக்கொண்டு, 1ஆம் ஃப்ரெட்டின்மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். மயிரிழை இருக்க வேண்டும், அவ்வளவே. விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் நட் உயரமாக இருக்கிறது. இது ஏன் முக்கியம்? ஸ்ட்ரிங் நட்டில் கட்டுண்டு கிடக்கிறது. 1ஆம் ஃப்ரெட் அங்கிருந்து வெறும் 48 மி.மீ. தூரம். அவ்வளவு குட்டை நீளத்தில் ஸ்ட்ரிங் வளைய மறுக்கும். அங்கே உயரம் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் ஆனால், அமுக்கும் விசை அப்படியே இரண்டு மடங்காகும். 1ஆம் ஃப்ரெட்டில் வரும் எஃப் ஸ்வரத்தில் தொடங்கும் பாட்டெல்லாம் ஒருவருக்குக் கையை முறிக்கிறது என்றால், விரலைக் குறை சொல்லுமுன் நட்டைப் பார்ப்பது நியாயம்.

நட்டுக்கு அடுத்தது நெக்கின் வளைவு. ஈரக்காற்றுக்கும் வறண்ட காற்றுக்கும் மரம் ஊதும், சுருங்கும். மழைக்காலத்தில் சரியாக இருந்த பேஸ் ஏசி அறையில் சில மாதம் கிடந்தபின் வேறு கருவியாகிவிடுவது இதனால்தான். நெக் ஸ்ட்ரிங் இழுக்கும் பக்கம் கூடுதலாக வளைந்தால் நடு ஃப்ரெட்டுகளில் ஸ்ட்ரிங்கின் உயரமாகிய ஆக்‌ஷன் ஏறும். நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராடைக் கால் திருகு திருகுவது, பிரிட்ஜின் சேடில்களை இறக்குவது, நட்டை அரத்தால் ஆழப்படுத்துவது, மூன்றும் சேர்ந்ததுதான் செட்டப். 12ஆம் ஃப்ரெட்டில் 2 முதல் 2.5 மி.மீ. என்பது பெரும்பாலோர்க்கு வசதியான உயரம். முதல் இரண்டை நிதானமாக நீங்களே செய்யலாம். நட்டை மட்டும் பழகிய ரிப்பேர்க்காரரிடம் விடுங்கள். அதிகமாக அரத்தால் தேய்த்துவிட்டால் புது நட்தான்.

இந்த இடத்தில் யாராவது ஜேம்ஸ் ஜேமர்சனை இழுப்பார்கள். மோட்டவுன் இசைத்தட்டுகளின் ஆதாரச் சுருதியே அவர்தான். அவருடைய 1962 ஃபெண்டர் ப்ரிசிஷனின் ஆக்‌ஷன் மிக உயரமானது, ஸ்ட்ரிங் தடித்த ஃப்ளாட்வவுண்ட், அதையும் மாற்றவே மாட்டார் என்பது பேஸ் உலகில் எல்லோரும் சொல்லும் கதை. அப்படிப்பட்ட கருவியில் அப்படி வாசித்தவர் இருக்கும்போது நாம் மட்டும் என்ன பூஞ்சையா? பதில் இரண்டு. ஜேமர்சன் டபுள் பேஸில் கற்றுக்கொண்டு வந்தவர். உயர்ந்த ஆக்‌ஷனும் தடித்த ஸ்ட்ரிங்கும் அவர் கைக்குப் புதிதல்ல, பழைய கருவியோடு ஒப்பிட்டால் ப்ரிசிஷன் இலகுவானது. அதோடு வலது கையில் அவர் பெரும்பாலும் ஒற்றை ஆள்காட்டி விரலால்தான் மீட்டினார். தன் உடம்புக்கு எது சிக்கனமோ அதை அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார் என்றுதான் இதை நான் வாசிக்கிறேன். இன்னொன்றும் உண்டு. ஒரு மேதையால் முடிந்தது என்பதால் அது கைக்கு நல்லது என்று ஆகிவிடாது. அதே முறையில் வாசித்துக் கை போய்த் தொழிலை விட்டவர்கள் இசைத்தட்டு வெளியிடுவதில்லை. அவர்களை நாம் கேள்விப்படுவதே இல்லை.

கருவி சரியான பிறகுதான் கையை நிறுத்தும் விதத்துக்கு வர வேண்டும். மேசைமேல் இருக்கும் பேனாவை எடுத்து இறுகப் பிடியுங்கள். பிடித்தபடியே மணிக்கட்டை உள்பக்கமாக முழுக்க மடக்குங்கள். பிடி தானாகத் தளர்வதைப் பார்ப்பீர்கள். மணிக்கட்டு மடங்கினால் மடக்குத்தசைகள் குறுகிப்போய்ப் பலம் இழக்கின்றன. புறங்கை நாண்கள் இழுபட்டு விரல்களைத் திறக்கப் பார்க்கின்றன. அந்த நிலையில் அதே ஸ்ட்ரிங்கை அமுக்க முன்கை கூடுதலாக உழைக்க வேண்டும். போதாததற்கு, மணிக்கட்டின் உட்புறம் இருக்கும் குறுகிய குகைப்பாதை வழியாக ஒன்பது தசைநாண்களும் நடுநரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. மணிக்கட்டு வளையும்போது அங்கே அழுத்தம் ஏறுகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போகும் கார்ப்பல் டனல் தொல்லையின் இருப்பிடம் அதுதான்.

மேடையில் பேஸைத் தொடைவரை தொங்கவிட்டு வாசிப்பவரின் இடது மணிக்கட்டைப் பாருங்கள். கிட்டத்தட்டச் செங்கோணத்தில் மடிந்திருக்கும். பார்க்க ஸ்டைல்தான், மறுக்கவில்லை. ஆனால் உட்கார்ந்து பயிற்சி செய்யும்போது நெஞ்சுக்குக் கீழே இருக்கும் பேஸ், நின்றால் ஒன்றரைச் சாண் இறங்கிவிடுவது எந்தக் கைக்கும் அநியாயம். உட்கார்ந்திருக்கும்போதே ஸ்ட்ராப்பைப் போட்டு, அது இறுக்கமாக இருக்கும் அளவுக்குச் சரிசெய்துவிட்டு எழுந்து நில்லுங்கள். இரண்டு நிலையிலும் பேஸ் ஒரே இடத்தில் இருக்கும். நெக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். தலை கனத்துக் கீழே சரிகிற பேஸாக இருந்தால் (கிப்ஸன் தண்டர்பேர்ட் இதற்குப் பிரசித்தம்) இடது கை ஸ்வரம் பிடிப்பதோடு கருவியையும் சுமக்கிறது. உட்புறம் சொரசொரப்பான அகல ஸ்ட்ராப் பாதி நிவாரணம் தரும். கட்டைவிரலைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். அதை நெக்கிலிருந்து எடுத்துவிட்டு ஒரு சுலபமான வரியை வாசியுங்கள். கையின் எடையும் வலது முழங்கை பேஸ் உடல்மேல் தரும் எதிரழுத்தமும் சேர்ந்தாலே ஸ்வரம் பேசும். பேசுகிறது என்றால், கட்டைவிரல் இத்தனை நாளாக இடுக்கிப் பிடித்தது எதற்கு?

வலது கை விஷயத்தில் குற்றவாளி பெரும்பாலும் ஆம்ப்தான். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று ஆம்ப் இல்லாமல் வெறும் பேஸில் பயிற்சி செய்பவர்கள் நம் அடுக்குமாடிகளில் ஏராளம். கேட்கவில்லை, அதனால் ஓங்கி மீட்டுகிறார்கள். வலது கை ஓங்கினால் இடது கையும் தன்னையறியாமல் இறுகும். இரண்டு கைகளையும் தனித்தனி அளவில் முறுக்குவது சுலபமில்லை. ஒத்திகையிலும் இதே கதை: டிரம்ஸ் சத்தத்தில் பேஸ் கேட்காது, விரலால் சமன்செய்யப் பார்ப்போம். பேஸ் கலைஞர் கேரி வில்லிஸ் பல காலமாகச் சொல்லிவருவது இதற்கு நேரெதிர்: ஆம்பை ஏற்று, விரலை இறக்கு. விரல் ஸ்ட்ரிங்குக்கு அடியில் ஆழமாக இறங்காமலிருக்க, பிக்கப்புகளுக்கு நடுவே ராம்ப் என்னும் மரத்துண்டைப் பொருத்தி வாசிக்கும் பழக்கத்தைப் பரப்பியவர் அவர். ‘மெதுவாக மீட்டினால் அந்த கர்ஜனை வராதே’ என்பது இதற்கு வழக்கமான மறுப்பு. பாதி உண்மை. ஓங்கி மீட்டும்போது ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் மோதும் அந்த முரட்டு ஒலி தனிதான். ராக் வாசிப்பவருக்கு அது வேண்டும். ஆனால் எப்போதும் முழுவிசையில் இருப்பவருக்கு ஓங்க இடமேது? பாதி விசையை இயல்பாக வைத்திருப்பவரிடம்தான் கர்ஜனை கர்ஜனையாகக் கேட்கும். வீட்டில் பயிற்சிக்கு ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப் வாங்குங்கள். கைவலிக்காக நீங்கள் வாங்கக்கூடிய பொருட்களில் என் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான்.

இன்னொரு ஆட்சேபணை கனமானது. ‘முறையாகக் கற்ற தொழில்முறைக் கலைஞர்களுக்கே வலி வருகிறதே? அப்படியானால் நுணுக்கம், செட்டப் எல்லாம் எதற்கு?’ வருகிறது என்பது உண்மை. 1980களில் அமெரிக்காவின் சிம்ஃபனி, ஆப்பரா இசைக்குழுக்களைச் சேர்ந்த 2,212 கலைஞர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், 76 சதவீதம் பேர் வாசிப்பைப் பாதிக்கும் அளவுக்கு ஒரு உடல் தொல்லையாவது இருப்பதாகச் சொன்னார்கள். அது கைவலி மட்டுமல்ல, எல்லா உபாதையும் சேர்த்து. ஆனாலும் எண் பெரிது. இதிலிருந்து ‘வலி இசைக்குக் கொடுக்கும் விலை’ என்று முடிவுகட்டுவது தவறு. அந்தக் கலைஞர்கள் நாள் முழுக்க ஒத்திகையும் மாலையில் கச்சேரியுமாக வாசிப்பவர்கள். விசை சரியாக இருந்தாலும் அளவு மீறினால் உடம்பு முறையிடும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் செலவாகும் விசை, அதை எத்தனை முறை செலவழிக்கிறோம் என்கிற எண்ணிக்கை, இந்த இரண்டின் பெருக்கல்தான் தசைநாண் சுமப்பது. முதலாவதைக் குறைத்தவர் இரண்டாவதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். வரம்பே இல்லாமல் அல்ல.

நம் ஊர்க் கற்றுக்குட்டிகளிடம் அளவு மீறல் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் வருகிறது. தமிழ்ப் பாட்டில் பேஸைத் தனியாகக் காது கொடுத்துக் கேட்க வைத்தவர் இளையராஜா; பலருக்கு பேஸ் ஆசையே அவருடைய பேஸ் வரிகளால்தான். ஆனால் அவை ஓரிடத்தில் நிற்பதில்லை, பாடலுக்குள் இன்னொரு பாடலாக ஓடிக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் வாசித்தவர் விடுமுறை நாளில் உட்கார்ந்து, முழு வேகத்தில், நான்கு மணி நேரம் ஒரே வரியைத் திருப்பித் திருப்பி மோதினால் மறுநாள் காலை டம்ளரைப் பிடிக்க முடியாது. தசை சில வாரங்களில் பழகும். தசைநாண் பழக மாதங்கள் ஆகும். ஆகவே ஒரு மணி நேரப் பயிற்சியை இருபது நிமிடத் துண்டுகளாக உடைப்பது, கச்சேரிக்கு முந்தின வாரம் திடீரென்று இரட்டிப்பாக்காமல் இருப்பது, கடினமான வரியைப் பாதி வேகத்தில் பாதி விசையில் ஏற்றுவது ஆகியவை சோம்பேறித்தனமல்ல. அளவு சரியா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி மறுநாள் காலை. இரவில் இருந்த கடுப்பு காலையில் போயிருந்தால் பரவாயில்லை. காலையில் கூடியிருந்தால் முந்தின நாள் அதிகம். கணக்கில் பேஸை மட்டும் சேர்க்காதீர்கள். நாள் முழுக்க விசைப்பலகை, ராத்திரி முழுக்க செல்போன், போக்குவரத்து நெரிசலில் பைக்கின் கிளட்ச் என்று அதே இடது முன்கை ஏற்கனவே ஓவர்டைம் பார்த்துவிட்டுத்தான் பேஸிடம் வருகிறது.

‘அப்படியானால் ஒரு மாதம் முழு ஓய்வு எடுத்தால் சரியாகிவிடுமே?’ சரியாகும், திரும்ப வாசிக்கும் வரை. ஓய்வு வலியை அடக்கும். இறுக்கிப் பிடிக்கும் பழக்கத்தையோ உயரமான நட்டையோ அது தொடுவதில்லை. நீண்ட ஓய்வில் தசைநாண் இருந்த தாங்குசக்தியையும் கொஞ்சம் இழக்கும். கடுமையான வலியில் சில நாள் நிறுத்துவது சரி. அதன்பின் வலி கூட்டாத அளவில் சிறிது சிறிதாகத் திரும்புவதே மேல். வலிமாத்திரை போட்டுக்கொண்டு கச்சேரி வாசிப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நிறுத்து என்று சொல்ல உடம்பிடம் இருக்கும் ஒரே வழியை அது அடைக்கிறது. மணிக்கட்டுப் பட்டையை இரவில் தூங்கும்போது போடுவதற்கு மருத்துவக் காரணம் உண்டு. அதைப் போட்டுக்கொண்டே வாசிப்பது முழங்கைக்கும் தோளுக்கும் பாரத்தை மாற்றும் ஏற்பாடு. ஹேண்ட் கிரிப்பரைப் பற்றி ஏற்கனவே சொல்லியாயிற்று: களைத்துப்போன அதே மடக்குத்தசைகளுக்குக் கூடுதல் வேலை. பயிற்சி செய்தே தீர வேண்டுமென்றால் விரலை விரிக்கும் பக்கம், தோள், முதுகு இவற்றுக்குச் செய்யலாம்.

இத்தனைக்கும் அப்பால், உபரி விசை என்கிற என் வாதத்துக்குள் அடங்காத வலிகளும் உண்டு. அவற்றை வீட்டு வைத்தியத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. இரவில் விரல் மரத்துத் தூக்கம் கலைவது, கட்டைவிரல் மேடு வற்றிக்கொண்டே போவது, கையிலிருந்து பொருள் நழுவுவது, விரல் மடங்கி மாட்டிக்கொண்டு ‘டக்’கென்று விடுபடுவது, மோதிரவிரலும் சுண்டுவிரலும் சேர்ந்து மரத்துப்போவது, காலையில் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருப்பது, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோயும் தைராய்டு குறைபாடும் கார்ப்பல் டனல் வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. அதனால் பழி முழுவதும் பேஸ்மேல் என்று முடிவு செய்துவிட்டு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். வலியே இல்லாமல், வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் சொன்ன பேச்சைக் கேட்காமல் சுருண்டுகொள்கிறதென்றால் அது ஃபோகல் டிஸ்டோனியாவாக இருக்கலாம். மூளை அந்த அசைவை ஆளும் விதத்தில் வரும் கோளாறு அது. கூடுதல் பயிற்சியால் தீராது, மோசமாகலாம். பியானோ மேதை லியான் ஃப்ளைஷர் 1960களின் நடுவில் வலது கையை இதற்கு இழந்து, பல்லாண்டுகள் இடது கைக்கான இசையையே வாசித்தார். பிரிட்டிஷ் பேஸ் ஆசிரியர் ஸ்காட் டிவைன் கையுறை போட்டுக்கொண்டு வாசிப்பதும் இதனால்தான். இதற்கு நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மருத்துவரிடம் ‘கை வலிக்கிறது டாக்டர்’ என்று மட்டும் சொன்னால் மாத்திரையும் களிம்பும் எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. எந்தக் கை, எந்த விரல், வாசிக்கத் தொடங்கி எவ்வளவு நேரத்தில் வருகிறது, மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நீங்கள் வாசிப்பதைப் பக்கவாட்டிலிருந்து, மணிக்கட்டு தெரியும்படி, யாரையாவது செல்போனில் எடுக்கச் சொல்லி அதையும் காட்டுங்கள். பிசியோதெரபிஸ்டிடம் போகும்போது கூச்சப்படாமல் பேஸையே உறையோடு தூக்கிக்கொண்டு போய், அவர் முன்னால் வாசித்துக் காட்டுங்கள்.